தரவரிசைப் பலகையைக் கழற்றிவிட்டேன்: வகுப்பில் விளையாட்டை எப்படி அமைப்பது?

குன்னூர் ஆசிரியை:
குன்னூர்ப் பக்கம் ஒரு கலைக் கல்லூரியில் இளங்கலை இரண்டாம் ஆண்டுக்கு நுண்ணினப் பொருளியல் நடத்துகிறேன். வகுப்பில் 40 பேர். பாதிக்கு மேற்பட்டோர் வீட்டில் ஓர் ஏக்கரோ இரண்டு ஏக்கரோ தேயிலை உண்டு. வகுப்பை விளையாட்டாக்கினால் ஆர்வம் கூடும் என்று ஒரு பயிற்சி முகாமில் சொன்னதை நம்பி, சென்ற பருவத்தில் வருகைக்கு 5 புள்ளி, கேள்வி கேட்டால் 10, ஒப்படைவுக்கு 20 என்று வகுத்து, சுவரில் தரவரிசைப் பலகையும் மாட்டினேன். மூன்றாவது வாரத்திலேயே முதல் மூன்று இடங்களில் அதே மூவர் அசையாமல் உட்கார்ந்துவிட்டார்கள். மஞ்சூரிலிருந்து வரும் மாணவி ஒருத்தி, பனிமூட்டத்தால் பேருந்து தாமதமான நாள்களிலெல்லாம் வருகைப் புள்ளியை இழந்து, பட்டியலின் அடிக்குப் போய், பிறகு கேள்வி கேட்பதையே நிறுத்திவிட்டாள்.

பலகையைக் கழற்றிவிட்டேன். ஆனால் அடுத்த மாதம் விளையாட்டுக் கோட்பாடு வருகிறது; ஒருவருக்குக் கிடைக்கும் பலன் மற்றவர் எடுக்கும் முடிவையும் பொறுத்திருக்கும்போது யார் எதைத் தேர்வார் என்று ஆராயும் பாடம். அதையும் கரும்பலகையில் கட்டம் போட்டு மட்டும் நடத்த மனம் வரவில்லை. கணினி இல்லாமல், 50 நிமிடத்துக்குள் ஆடி முடிக்கும்படி ஏதாவது அமைக்க முடியுமா? வெல்பவருக்கு அக மதிப்பெண் தரலாமா?

ஆடுபுலி:
அம்மா, நீங்கள் வைத்தது விளையாட்டன்று. வருகைப் பதிவேட்டுக்குப் பூசிய வண்ணம். ஆடுபுலி ஆட்டத்தை எண்ணிப் பாருங்கள். 3 புலி, 15 ஆடு. புலி தாண்டி வெட்டும். ஆட்டுக்கு வெட்டும் உரிமையே கிடையாது, சூழ்ந்து அடைக்கத்தான் முடியும். பரிசு என்று யாரும் சொல்லாமலேயே மணிக்கணக்கில் உட்கார வைப்பது, அடுத்த காயை எங்கே வைப்பது என்ற தவிப்புதான். புள்ளிக்கும் ஆர்வத்துக்கும் உள்ள உறவு நாம் நினைப்பதுபோல் நேரானதும் அன்று. உளவியலாளர் எட்வர்ட் டெசி 1971இல் வெளியிட்ட ஆய்வில், கட்டைப் புதிரை அவிழ்க்கக் கல்லூரி மாணவர்களுக்குப் பணம் கொடுத்துப் பிறகு நிறுத்தியபோது, ஓய்வு நேரத்தில் அவர்கள் அந்தப் புதிரைத் தொடுவதே குறைந்துபோனது.

கோத்தகிரிக்காரர்:
நானும் விரிவுரையாளன்தான், தேயிலைக்காரர் வீட்டுப் பிள்ளையும்கூட. நான் நடத்தும் ஆட்டத்தைச் சொல்கிறேன். இதில் வரும் விலை ஆட்டத்துக்காக வைத்தது, சந்தை விலையன்று.

வகுப்பை நால்வர் வீதம் 10 குழுவாக்குங்கள். ஒவ்வொரு குழுவும் ஒரு தோட்டம். பழைய காலண்டர் அட்டையை வெட்டி, குழுவுக்கு இரண்டு சீட்டு: ஒன்றில் ‘கொழுந்து’, மற்றொன்றில் ‘முற்றிய இலை’. இரு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளினால் 20 கிலோ. கத்தரி வைத்து முற்றியதையும் சேர்த்து வெட்டினால் 30 கிலோ. எல்லாரும் கொழுந்து கொடுத்தால் கிலோ 24 ரூபாய். எத்தனை குழு முற்றியதைப் போடுகிறதோ, அத்தனை ரூபாய் அனைவருக்கும் குறையும், ஏனென்றால் தொழிற்சாலையில் எல்லா இலையும் ஒன்றாகத்தானே வாடப் போடப்படுகிறது. சுற்றுக்கு ஒரு சீட்டைக் கவிழ்த்து வைத்து, ஒரே நேரத்தில் திருப்ப வேண்டும்.

எல்லாரும் ஒழுங்காக இருந்தால் குழுவுக்கு 480 ரூபாய். ஒரு குழு மட்டும் ஏமாற்றினால் அதற்கு 690, மற்றவர்களுக்கு 460. எல்லாரும் ஏமாற்றினால் 420. மற்றவர் என்ன செய்தாலும் முற்றியதைப் போடுவதுதான் தனக்கு லாபம் என்பதையும், எல்லாரும் அப்படியே செய்தால் எல்லாருக்கும் நட்டம் என்பதையும் நான் சொல்லித்தர வேண்டியதே இல்லை. மூன்றாம் சுற்றுக்குள் கரும்பலகைக் கணக்கே காட்டிவிடும்.

ஓய்வுபெற்றவர்:
ஆட்டம் நன்று. ஆனால் 50 நிமிடமும் ஆடிக் கலைந்தால், பிள்ளைகள் நினைவில் சிரிப்புதான் மிஞ்சும். 25 நிமிடத்தில் நிறுத்திவிட்டு, ‘எந்தச் சுற்றில், எதற்காக மனம் மாறினீர்கள்?’ என்று குழு குழுவாகக் கேளுங்கள். பாடம் அங்கேதான் நடக்கிறது. முதல் நான்கு சுற்று பேச்சே கூடாது. ஐந்தாவதற்கு முன் ஐந்து நிமிடம் பேச விடுங்கள். 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம், பொதுவளத்தைப் பகிரும் இத்தகைய சோதனை ஆட்டங்களில், நேருக்கு நேர் பேச விட்டாலே ஒத்துழைப்பு கூடுவதைக் காட்டியவர்.

வெற்றிக்கு மதிப்பெண் தரவே கூடாது. அது உங்கள் பழைய பலகையை வேறு சுவரில் மாட்டுவதாகும். தம் குழு எடுத்த முடிவை ஒரு பக்கத்தில் விளக்கி எழுதச் சொல்லி, அதற்குக் கொடுங்கள். தோற்ற குழுவுக்கும் முழு மதிப்பெண் கிடைக்க வழி இருக்க வேண்டும்.

குன்னூர் ஆசிரியை:
நேற்று ஆடினோம். முதல் சுற்றில் மூன்று குழு முற்றியதைப் போட்டன, நான்காவதில் ஒன்பது. அப்போதும் கொழுந்தையே கொடுத்த ஒரே குழு, வீட்டில் தேயிலையே இல்லாத நால்வரின் குழு என்பதில் வகுப்பே சிரித்தது. பேசிய பிறகு முற்றியது இரண்டாகக் குறைந்தது; அந்த இரண்டு யார் என்பதில் பெரும் சண்டை. உடனே மாணவர்களே ஒரு விதி கேட்டார்கள்: சுற்றுக்குக் குழுவுக்கு 20 ரூபாய் போட்டு, இலையைச் சோதிக்க ஓர் ஆளை வைக்க வேண்டுமாம். 480இல் 20 போனாலும் 460, அது 420ஐவிட மேல் என்று ஒருவன் எழுந்துவந்து கணக்குப் போட்டுக் காட்டினான். பிடிபட்டால் அபராதம் எவ்வளவு என்பதற்குள் மணி அடித்துவிட்டது.

மஞ்சூர் மாணவி நேற்று வரவில்லை. வரும் திங்களன்று, சோதனையாளர் விதியோடு, கடைசி மணி நேரத்தில் மீண்டும் ஆடுகிறோம்.