பேஸ் கிட்டாருக்கு எந்த ஸ்ட்ராப் லாக் வாங்கலாம்? பட்டன் ஸ்க்ரூவும் நிக்க மாட்டேங்குது

ஓடி_நாலுகம்பி (கடலூர் ஓ.டி.)

எல்லாருக்கும் வணக்கம். ஞாயித்துக்கிழமை சர்ச் கொயர்ல, மத்த நாள்ல பாண்டி பசங்களோட ஒரு சின்ன பேண்ட்லன்னு அஞ்சு வருஷமா பேஸ் வாசிக்கிறேன். பி-பேஸ் (ஃபெண்டரோட ப்ரிசிஷன் பேஸ் மாதிரி) மாடல், நாலு கம்பி, வீட்டுல தராசுல வெச்சுப் பாத்தேன் நாலு கிலோ 200 கிராம் இருக்கு.

போன வாரம் ப்ராக்டிஸ்ல நின்னுக்கிட்டு வாசிச்சப்ப டிரம்மரைப் பாக்கலாம்னு உடம்பைத் திருப்பினேன், மேல் கொம்புல (உடம்புல மேல் பக்கம் நீட்டிக்கிட்டு இருக்க பாகம்) இருக்க பட்டன்ல இருந்து தோள்ல மாட்டுற ஸ்ட்ராப் அப்படியே கழண்டு வந்துடுச்சு. இடது கை நெக்கைப் பிடிச்சிருந்ததால தலைப்பக்கம் தப்பிச்சுது, ஆனா அடிப்பக்கம் டைல்ஸ் தரைல இடிச்சு ஒரு ரூபா காசு அளவுக்கு பெயிண்ட் பேந்து மரம் தெரியுது. அப்பா சீட்டு கட்டி எடுத்துக் குடுத்த பேஸ் இது, அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல.

மறுநாள் பாத்தா ஸ்ட்ராப்ல இருக்க ஓட்டை இழுபட்டு நீண்டு போயிருக்கு, அதைவிட மோசம் கொம்புல இருக்க ஸ்க்ரூ, டிரைவரே வேணாம் விரலால திருப்பினாலே சுத்துது, வெளிய எடுத்தா மரத்தூள் ரவை மாதிரி கொட்டுது. ஜூன் 21 ஃபெட் டி லா மியூசிக் இசை விழாவுக்கு பாண்டில தெருவுல ரெண்டு மணி நேரம் நின்னு வாசிக்கணும். ஸ்ட்ராப் கழராம பட்டன்ல பூட்டி வைக்குற லாக்ல ஷாலர் கம்பெனி வாங்கவா டன்லப் வாங்கவா? அந்த ஓட்டையை நானே சரி பண்ண முடியுமா, இல்ல கடைக்குத்தான் போகணுமா?

லாஸ்பேட்டை_லோஎண்ட்

தம்பி, முதல்ல தலை தப்பிச்சதுக்கு சந்தோஷப்படு, பெயிண்ட் போனா போகட்டும். என் ஓட்டு ஷாலருக்கு. அது பட்டனைச் சுத்தி லாடம் மாதிரி ஒரு கிண்ணம் வந்து உக்காரும், பின் ஒண்ணு ஸ்ப்ரிங்கோட உள்ள போய் பூட்டும். பேஸோட எடையைத் தாங்குறது அந்தக் கிண்ணம்தான், பின் வழுக்கிடாம பாத்துக்குது அவ்ளோதான், அதனால பின் சரியா மாட்டாத ஒரு நாள்ல கூட ஸ்ட்ராப் இழுவைல இருக்க வரைக்கும் சட்டுனு விழாது.

ஆனா ஒண்ணு, மாட்டுற திசை ரொம்ப முக்கியம், நிறைய பேர் தப்பா மாட்டிட்டு லாக்கையே குறை சொல்றாங்க. லாடத்தோட தொறந்த வாய் உன் தோள் பக்கம் பாக்கணும், மூடின வளைவு ஸ்ட்ராப் நுனி பக்கம் இருக்கணும், அப்பதான் பட்டன் அந்த வளைவுக்குள்ள உக்காந்து தொங்கும். தலைகீழா மாட்டினா மொத்த எடையும் அந்தச் சின்ன பின் மேல போயிடும்.

அடுத்து ஸ்ட்ராப் பக்கம் இருக்க நட்டு. பழைய மாடல்ல வாசிக்க வாசிக்க அதிர்வுல அது தானா லூசாகும், எனக்கு ஒரு தடவை நட்டு கழண்டு மேடையில விழுந்து செட் முடிஞ்சப்புறம் டார்ச் அடிச்சு தேடினேன். இப்ப வர்ற எஸ்-லாக்ல அதுக்குன்னு ஒரு குட்டி ஸ்க்ரூ வெச்சு இறுக்குற மாதிரி பண்ணிட்டாங்க, அதையே வாங்கு. பழசுதான் கையில இருக்குன்னா மரைல நெயில் பாலிஷ் ஒரு சொட்டு விட்டு நட்டை முடுக்கு, வேணும்னா பிறகு கழட்டிக்கலாம். உன் ஸ்ட்ராப் ரெண்டு மடிப்பு தடி லெதரா இருந்தா பழைய மாடல்ல நட்டு பிடிக்க மரை பத்தாம போகும், அதையும் பாத்துக்கோ. எப்படியும் அந்த நீண்டு போன ஸ்ட்ராப் வேணாம்பா, புதுசு வாங்கிடு.

முத்தியால்பேட்டை_தம்

நான் டன்லப் பக்கம். பட்டனுக்கு நடுவுல குழி இருக்கும், ஸ்ட்ராப் பக்கம் இருக்க பின் அதுக்குள்ள போயி குண்டு பேரிங் வெளிய தள்ளிப் பூட்டிக்கும், நடுக் குமிழை அமுக்கினா கழண்டுடும். கிட்டார் எப்படித் திரும்பினாலும் லாக்கும் கூடவே சுத்தும், திசைன்னு ஒண்ணும் கிடையாது, சத்தமும் இல்ல, ஷாலர்ல சில நேரம் கிறீச் கிறீச்னு வரும். லாஸ்பேட்டை அண்ணன் சொன்ன ஷாலர் கிண்ணம் மாதிரி இல்ல, இதுல எடை முழுசும் அந்த பின் மேலதான், அது உண்மை, மறுக்கல. அதனாலயே ஒவ்வொரு தடவையும் மாட்டினதும் க்ளிக் சத்தம் கேட்டுச்சான்னு பாத்துட்டு, நெக்கை இடது கையில பிடிச்சுக்கிட்டே ஸ்ட்ராப்பை ஒரு இழு இழுத்துட்டுதான் கையை விடுவேன்.

நம்ம ஊர் உப்புக்காத்துக்கு அந்த குண்டு மெதுவா இறுகும். தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும், அதிகமா விட்டா தூசி ஒட்டி இன்னும் கெட்டுப்போகும். சில மாடல்ல ஸ்ட்ராப் பக்கம் ஒரு சின்ன வளையம்தான் எல்லாத்தையும் பிடிச்சிருக்கும், அது சரியா காடில உக்காந்திருக்கான்னு ஷோவுக்கு முன்னாடி பாரு. அப்புறம் கடைல வாங்கும்போது டூயல் டிசைன்னு கேட்டு வாங்கு, ஃப்ளஷ் மவுண்ட் எடுத்துடாத, அதுக்கு உடம்புல பெரிய ஓட்டை போடணும். டூயல் டிசைன்ல அவசரத்துக்கு சாதா ஸ்ட்ராப்பும் மாட்டலாம். ஒரு கம்பெனி லாக் இன்னொரு கம்பெனி பட்டன்ல பெரும்பாலும் உக்காராது, ரெண்டு கிட்டார் வெச்சிருந்தா ரெண்டுக்கும் ஒரே மாதிரி போட்டுடு.

மரவேலை_திருப்பாதிரிப்புலியூர்

ரெண்டு பேரும் லாக்கைப் பத்தியே பேசுறீங்க, அந்தத் தம்பி சொன்ன ரவை மாதிரி மரத்தூளை யாரும் பாக்கல. அந்த ஓட்டைல எவ்ளோ நல்ல லாக் போட்டாலும் லாக்கோட சேர்ந்து ஸ்க்ரூ பிடுங்கிட்டு வரும், முன்னாடி ஸ்ட்ராப் மட்டும் கழண்டுச்சு, இனி பட்டனே வரும். மேல் கொம்பு பட்டன்தான் பாதிக்கு மேல பாரத்தை வாங்குது. 1951-ல ஃபெண்டர் ப்ரிசிஷன் பேஸ் வந்தப்பவே அந்தக் கொம்பை நீட்டி விட்டது பேலன்ஸுக்குத்தான், அதனால அந்த ஒரு ஓட்டையை சின்ன விஷயமா நினைக்காத.

எல்லாரும் பண்ற தப்பு, லூசாயிடுச்சுன்னு கொஞ்சம் பெரிய ஸ்க்ரூவா பாத்து முடுக்குறது. பண்ணாதப்பா. லாக்கோட பட்டன்ல ஸ்க்ரூ தலை உக்கார ஒரு பள்ளம் இருக்கும், பெரிய ஸ்க்ரூ தலை அந்தப் பள்ளத்துக்கு மேல துருத்திக்கிட்டு நிக்கும், அப்புறம் ஷாலர் கிண்ணமும் முழுசா உள்ள போகாது, டன்லப் பின்னும் கடைசி வரைக்கும் இறங்காது. மாட்டின மாதிரி தெரியும், மாட்டியிருக்காது. பெட்டிக்குள்ள குடுத்த ஸ்க்ரூவையே போடு, ஓட்டையை அதுக்குத் தக்க மாத்து.

வீட்டுலயே பண்ணலாம், அவசரப்படாம இருந்தா போதும். ஓட்டைல இருக்க தூளை ஊதி எடு, கண்ணுல படாம பாத்துக்கோ. பல் குத்துற மூங்கில் குச்சி ரெண்டு மூணு எடுத்து மர ஃபெவிகால்ல நல்லா முக்கி, அடி வரைக்கும் போற மாதிரி நெருக்கமா சொருகு, வெளிய வழியுற பசையை ஈரத் துணியால உடனே துடைச்சிடு, பெயிண்ட்ல காய விடாத. ஒரு நாள் முழுசா விடு. இப்ப ஊர்ல இருக்க வெயில்ல அரை நாள்ல காஞ்ச மாதிரி தெரியும், உள்ள காஞ்சிருக்காது. மறுநாள் பிளேடால குச்சியைச் சமமா வெட்டிட்டு டிரில் பண்ணு. பிட் சைஸ் எப்படிப் பாக்குறதுன்னா, ஸ்க்ரூ முன்னாடி பிட்டைப் பிடிச்சா நடுத்தண்டு மறையணும், ரெண்டு பக்கமும் மரை மட்டும் தெரியணும். ஸ்க்ரூ நீளத்துக்கு பிட்ல டேப் சுத்தி அடையாளம் வெச்சுக்கோ. மரைல மெழுகுவத்தி தேய்ச்சு, பொருத்தமான ஸ்டார் டிரைவர் வெச்சு கையாலயே முடுக்கு, மிஷின் வேணாம், கடைசி கால் சுத்துல மிஷினுக்கு எங்க நிக்கணும்னு தெரியாது.

உன் பேஸ் பாஸ்வுட் உடம்பா இருந்தா (இங்கிலீஷ்ல எழுத்துதான் ஒண்ணு, பேஸ் கிட்டாருக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல, மென்மையான மரம்) இது சீக்கிரம் மறுபடி தேயும். குச்சி போட்டும் நிக்கலைன்னா ஓட்டையைப் பெருசு பண்ணி உருட்டுக்கட்டை அடிச்சு ஒட்டணும், அதை நீயா பண்ணாத, நல்ல ஆசாரிகிட்டயோ கிட்டார் வேலை தெரிஞ்சவர்கிட்டயோ குடு.

காலேஜ்_பேஸ்

அண்ணா எனக்கு இப்போதைக்கு லாக் வாங்க காசு இல்ல, வேற வழி இருக்கா?

லாஸ்பேட்டை_லோஎண்ட்

இருக்கு தம்பி. கம்பிக் கொக்கி போட்ட கண்ணாடி பாட்டில் மூடிக்குக் கீழ தடியா ஒரு ரப்பர் வளையம் வரும், ஸ்ட்ராப்பை மாட்டிட்டு பட்டன் மேல அதை இழுத்துப் போட்டா கழண்டு வராது. நான் ரெண்டு வருஷம் அப்படித்தான் வாசிச்சேன். வெடிப்பு விட ஆரம்பிச்சா மாத்திடு.

ஓடி_நாலுகம்பி

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மரவேலை அண்ணன் சொன்னபடியே பண்ணேன். உள்ள மூணு குச்சி போச்சு, ஒரு நாள்னு சொன்னீங்க, பயத்துல ரெண்டு நாள் விட்டேன். டிரில் பண்ணும்போது கடைசில மரம் வெள்ளையா சுருள் சுருளா வந்துச்சு, முன்னாடி மாதிரி தூள் இல்ல. மெழுகு தேய்ச்சு முடுக்கினப்ப கடைசி சுத்துல கைக்கு அந்த இறுக்கம் தெரிஞ்சுது, அப்பதான் நிம்மதியாச்சு. பின்பக்க பட்டனையும் கழட்டிப் பாத்தேன், அது நல்லாத்தான் இருக்கு, லாக் பட்டனை மட்டும் மாத்திட்டேன்.

எஸ்-லாக்தான் வாங்கினேன், ஸ்ட்ராப்பும் புதுசு. முதல்ல வாயைத் தப்பான பக்கம் வெச்சு மாட்டிட்டேன், அப்புறம் லாஸ்பேட்டை அண்ணன் பதிலை இன்னொரு தடவை படிச்சுத் திருப்பிப் போட்டேன். கீழ மெத்தையை விரிச்சு அதுக்கு மேல நின்னு அரை மணி நேரம் குனிஞ்சு நிமிந்து திரும்பி வாசிச்சுப் பாத்துட்டேன், அசையல. நேத்து ப்ராக்டிஸ்ல டிரம்மர் கூப்பிட்டப்ப தைரியமா திரும்பினேன்.