தீனியைக் குறைத்தால் சைகையின் பிடி இறுகுமா?

கதிரவன்:
ஒவ்வொரு முறையும் தீனி போட்டுப் பழக்கிய விலங்கு, தீனி நின்றதும் சீக்கிரம் கைவிட்டுவிடும். எப்போது கிடைக்கும் என்று தெரியாமல் பழகியதோ லேசில் விடாது. ஆகவே இடைவிட்ட வலுவூட்டல்தான் (சில முறை மட்டும் தீனி போடுவது) தூண்டல் கட்டுப்பாட்டையும் (சைகையைப் பார்த்துத்தான் செய்வது) பலப்படுத்தும் என்பது என் வாதம்.

மீனா:
விடாமல் செய்வது வேறு, சைகையைப் பார்த்துச் செய்வது வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள். 1956-ல் உளவியலாளர்கள் கட்மேனும் கேலிஷும் புறாக்களை ஒரே நிற வெளிச்சத்தைக் கொத்தப் பழக்கினார்கள். சராசரியாக நிமிடத்துக்கு ஒருமுறை தீனி. பிறகு தீனியை நிறுத்திவிட்டு வேறு நிறங்களைக் காட்டினார்கள். பழகிய நிறத்தை விட்டு விலக விலகக் கொத்துவது குறைந்தது. அந்தச் சரிவு எவ்வளவு செங்குத்தோ, அவ்வளவு கட்டுப்பாடு. 1964-ல் ஹர்ஸ்ட் குழு நிறத்துக்குப் பதில் கோட்டின் சாய்வை வைத்துப் பார்த்தது. தீனியின் சராசரி இடைவெளி 30 நொடியாக இருந்தபோது சரிவு செங்குத்து, 4 நிமிடமானபோது தட்டை. நீங்கள் சொல்வதற்கு நேர் எதிர்!

கதிரவன்:
தீனி குறைந்தால் கொத்தும் வேகமும் குறையும். எல்லாச் சாய்வுக்கும் மந்தமாகக் கொத்தினால் சரிவு தட்டையாகத்தானே தெரியும்?

மீனா:
வேகம்தான் காரணம் என்றால், விகித அட்டவணையில், அதாவது இத்தனை கொத்துக்கு ஒரு தீனி என்ற விதியில், சரிவு கூர்மையாக வந்திருக்க வேண்டும். அதில்தான் புறா படுவேகமாகக் கொத்தும். 1966-ல் தாமஸும் ஸ்விட்டால்ஸ்கியும் மாறும் விகிதப் புறாவையும் (தீனிக்கு வேண்டிய கொத்துகளின் எண்ணிக்கை மாறும்) மாறும் இடைவெளிப் புறாவையும் (தீனிக்குக் காத்திருக்கும் நேரம் மாறும்) ஜோடி சேர்த்து, இருவருக்கும் தீனி ஒரே கதியில் கிடைக்கச் செய்தார்கள். விகிதப் புறாக்களின் சரிவுதான் தட்டை. மளமளவென்று கொத்தும்போது ஒரு கொத்தே அடுத்த கொத்துக்குச் சைகையாகிவிடுகிறது, வெளிச்சத்தின் மேல் கவனம் போவதில்லை என்று விளக்கம் சொல்வார்கள். எனக்கு அது நியாயமாகப் படுகிறது.

செல்வம்:
இருவரும் முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். 1960-ல் ஜென்கின்ஸும் ஹாரிசனும் 1000 ஹெர்ட்ஸ் ஒலி ஓயாமல் கேட்கும்படி புறாக்களைப் பழக்கினார்கள். வேறு சுருதிகளை ஒலிக்கவிட்டுச் சோதித்தபோது எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி கொத்தின. ஒலி இருந்தால் தீனி, ஒலி நின்றால் இல்லை என்று பழக்கிய புறாக்களிடம் சரிவு கூர்மையாக வந்தது. வேறுபடுத்தும் பயிற்சிதான் முதலில், அட்டவணை அப்புறம்.

கதிரவன்:
செல்வம், 'ஒலி இருந்தால் தீனி, இல்லாவிட்டால் இல்லை' என்பதும் ஓர் அட்டவணைதானே? இரண்டு அட்டவணைகளை மாற்றி மாற்றி வைக்கிறார்கள், அவ்வளவுதான்.

மீனா:
அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கே வேலை செய்வது தீனி அரிதாக வருவதல்ல. எந்த நிலையில் வரவே வராது என்பது. சொல்லாமலே உட்காரும் நாய்க்கும் அவ்வப்போது தீனி போட்டால், அது உட்கார்ந்துகொண்டேதான் இருக்கும். உங்கள் சொல்லுக்குக் காத்திருக்காது.