ஹார்வர்டு வாசலில் யாருடைய இடம் யாருக்குப் போனது?

கடலூரான்:
ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மீது தொடுக்கப்பட்ட வழக்கில், கல்லூரிச் சேர்க்கையில் மாணவரின் இனத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2023 ஜூன் 29 அன்று தீர்ப்புச் சொன்னது. நான் இனிப்பு வாங்கிக் கொண்டாடவில்லை. ஆனால் அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன். இங்கே பலருக்கு இது பிடிக்காது என்று தெரிந்தே எழுதுகிறேன்.

தீர்ப்பில் தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் எடுத்துக்காட்டிய ஒரு கணக்கைப் பாருங்கள். ஹார்வர்டுக்கு விண்ணப்பித்தவர்களைப் படிப்புத் தரத்தின்படி பத்து அடுக்குகளாகப் பிரித்தார்கள். மேல் அடுக்கில் நின்ற ஆசிய அமெரிக்க மாணவருக்கு இடம் கிடைக்கும் வாய்ப்பு 12.7 சதவீதம். கீழிருந்து நான்காவது அடுக்கில் நின்ற கறுப்பின மாணவருக்கு 12.8 சதவீதம். நான் நியூ ஜெர்சிக்கு வந்தபோது கையில் இரண்டு பெட்டிகள்தான் இருந்தன. எந்தக் கறுப்பினத்தவரையும் நானோ என் பாட்டனோ அடிமையாக வைத்திருக்கவில்லை. அவர்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமைக்கு என் பிள்ளை எதற்காகத் தண்டம் கட்ட வேண்டும்?

பால்டிமோர்வாசி:
அண்ணா, அதே மேல் அடுக்கில் வெள்ளையருக்கு என்ன வாய்ப்பு என்பதை விட்டுவிட்டீர்களே. 15 சதவீதத்துக்குச் சற்று மேல். உங்கள் பிள்ளையை முந்திக்கொண்டு போகிறவர்களில் அவர்களும் இருக்கிறார்கள். ஆனால் உங்கள் கண்ணில் பட்டவர் கறுப்பின மாணவர் மட்டும்தான்.

சட்டக்கிறுக்கன்:
சண்டை சூடாவதற்கு முன் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். நம் ஆட்கள், சேர்க்கையில் சிறுபான்மை இனத்தவருக்கு முன்னுரிமை தரும் அஃபர்மேட்டிவ் ஆக்‌ஷனை ‘அமெரிக்க இட ஒதுக்கீடு’ என்று சொல்லிச் சொல்லியே குழப்பிக்கொள்கிறார்கள். நம் ஊரில் இத்தனை சதவீதம் என்று சட்டமே போட்டுத் தனியாக எடுத்து வைக்கிறோம். அமெரிக்காவில் அது 1978இலேயே செத்துப்போனது. டேவிஸ் நகரில் உள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி 100 இடங்களில் 16ஐச் சிறுபான்மையினருக்கென்று ஒதுக்கியிருந்தது. இடம் கிடைக்காத பக்கி என்பவர் தொடுத்த வழக்கில் அது செல்லாது என்று ஆகிவிட்டது. இனத்தைப் பல காரணிகளில் ஒன்றாகப் பார்க்கலாம் என்ற சந்து மட்டும் மிஞ்சியது.

மிச்சிகன் பல்கலைக்கழகம் அந்தச் சந்து வழியையும் பெருவழியாக்கிவிட்டது. இளநிலைச் சேர்க்கையில் மொத்தம் 150 புள்ளிகள். கறுப்பினத்தவர், ஹிஸ்பானியர், பூர்வகுடியினர் என்றால் விண்ணப்பத்தைப் பிரித்ததுமே 20 புள்ளிகள். எஸ்ஏடி என்ற கல்லூரி நுழைவுத் தேர்வில் முழு மதிப்பெண் எடுத்தால்? 12. 2003இல் அதுவும் போயிற்று. ஆனால் அதே நாளில், அதே பல்கலைக்கழகத்தின் சட்டக் கல்லூரி வழக்கில், ஆளை முழுதாகப் பார்த்து எடைபோடுவது செல்லும் என்றார் நீதிபதி சாண்ட்ரா டே ஓ’கானர். இன்னும் 25 ஆண்டுகளில் இதற்கே தேவை இருக்காது என்று எதிர்பார்ப்பதாகவும் எழுதினார். 2023 தீர்ப்புக்குப் பின் சேர்ந்த முதல் அணி 2028இல் பட்டம் வாங்கப்போகிறது. கூட்டிப் பாருங்கள்.

கடலூரான்:
‘ஆளை முழுதாகப் பார்ப்பது’. எனக்கு வயிறு எரிவதே அங்கேதான். ஹார்வர்டில் பாடத்துக்கு ஒரு மதிப்பீடு, விளையாட்டுக்கு ஒன்று, பிற ஈடுபாடுகளுக்கு ஒன்று. இவற்றோடு குணநலனுக்கும் ஒரு மதிப்பீடு உண்டு. விரும்பத்தக்கவரா, துணிவு உள்ளவரா, பரிவு உள்ளவரா என்று அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு கோப்பைப் புரட்டுகிறவர் முடிவு செய்வார். அதில் ஆசியப் பிள்ளைகளுக்குத்தான் மற்றவர்களைவிடக் குறைவு. நேரில் சந்தித்துப் பேசிய பழைய மாணவர்களுக்கு அப்படித் தோன்றவில்லை! முகத்தைப் பார்த்தவருக்குத் தெரியாத குறை பெயரைப் படித்தவருக்கு எப்படித் தெரிந்தது?

என் மூத்தவன் நான்கு ஆண்டு வயலின் வாசித்தான், வாரந்தோறும் முதியோர் இல்லத்துக்குப் போனான், பள்ளியில் இரண்டாம் இடம். ஒரு பெயர் பெற்ற கல்லூரி அவனை முதலில் காத்திருப்புப் பட்டியலில் வைத்தது, பிறகு கைவிட்டது. அவனுடைய கோப்பில் என்ன எழுதினார்கள் என்று எனக்கு ஒருபோதும் தெரியப்போவதில்லை.

பால்டிமோர்வாசி:
இதில் நான் உங்கள் பக்கம். அந்தக் குண மதிப்பீட்டுக்கு வக்காலத்து வாங்க என்னால் முடியாது. கீழ் நீதிமன்ற நீதிபதி அலிசன் பரோஸ் 2019இல் ஹார்வர்டுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தபோதுகூட அந்த வித்தியாசம் இருப்பதை மறுக்கவில்லை. உள்நோக்கம் நிரூபிக்கப்படவில்லை என்றுதான் சொன்னார்.

ஆனால் அந்த மதிப்பீடு எந்த வயிற்றில் பிறந்தது என்று பாருங்கள். 1920களில் ஹார்வர்டில் யூத மாணவர்கள் பெருகிவிட்டார்கள் என்று அதன் தலைவர் லாரன்ஸ் லோவலுக்குக் கவலை. 1922இல் அவர்களுக்கு உச்சவரம்பு வைக்கப் பார்த்தார். ஆசிரியர்கள் வெளிப்படையான வரம்புக்கு ஒப்பவில்லை. அதன் பிறகுதான் ‘பண்பு’, புகைப்படம் எல்லாம் விண்ணப்பத்துக்குள் வந்தன. பழைய மாணவர்களின் பிள்ளைகளுக்குச் சலுகை என்பதும் பெரிய கல்லூரிகளில் அந்தக் காலத்தில் வேர்விட்டதுதான். மதிப்பெண்ணில் யூதரை வெல்ல முடியாத பழைய பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்காகக் கட்டிய வேலி அது. உங்கள் மகன் மோதியது அந்த வேலியில். கறுப்பினத்தவர் அதைக் கட்டவில்லை. அவர்கள் அப்போது வாசலுக்கே வர முடியாத நிலையில் இருந்தார்கள்.

வேலி இன்றும் நிற்கிறது. வழக்கில் வெளிவந்த தரவுகளை வைத்துப் பொருளியலாளர் பீட்டர் ஆர்சிடியகோனோவும் உடன் உழைத்தவர்களும் ஆய்வு செய்தார்கள். ஹார்வர்டில் இடம்பெற்ற வெள்ளையரில் 43 சதவீதத்துக்கு மேற்பட்டவர்கள் நான்கு வகையினர்: விளையாட்டுக்காக எடுக்கப்பட்டவர்கள், பழைய மாணவர் பிள்ளைகள், ஹார்வர்டு ஊழியர் பிள்ளைகள், நன்கொடையாளர் தொடர்புள்ள தனிப்பட்டியல்காரர்கள். இவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அந்தத் தொடர்பு இல்லாவிட்டால் இடம் கிடைத்திருக்காது. ஆர்சிடியகோனோ யார் தெரியுமா? வழக்குத் தொடுத்தவர்களின் சாட்சி. ஹார்வர்டின் ஆள் அல்ல.

மாடவிளக்கு:
ஆக, மாடியில் விருந்து நடக்கிறது. திண்ணையில் இரண்டு பேர் ஒரு இலைக்குச் சண்டை போடுகிறார்கள்.

கடலூரான்:
விருந்தை நிறுத்துங்கள், யார் வேண்டாம் என்றார்கள்? ஆனால் ஒரு அநியாயத்தைக் காட்டி இன்னொன்றை நியாயப்படுத்தாதீர்கள். கறுப்பினத்தவருக்குத்தான் உதவி என்றால் அது யாருக்குப் போய்ச் சேர்ந்தது? 2004இலேயே ஹார்வர்டின் கறுப்பினப் பேராசிரியர்கள் லானி குனியரும் ஹென்றி லூயிஸ் கேட்ஸும் இதை எழுப்பினார்கள். அங்கே படித்த கறுப்பின மாணவர்களில் பெரும்பான்மையினர் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் குடியேறியவர்கள் அல்லது அவர்களின் பிள்ளைகள் என்றார்கள். லாகோஸிலிருந்து வந்த மருத்துவரின் மகனுக்கும் மிசிசிப்பிப் பருத்திக் காட்டில் வேலை செய்தவரின் கொள்ளுப்பேத்திக்கும் விண்ணப்பத்தின் இனப் பெட்டியில் ஒரே குறிதான். வறுமையைப் பாருங்கள். நானே முதலில் கைதட்டுகிறேன்.

பால்டிமோர்வாசி:
நல்ல கேள்வி. வறுமையைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஆனால் அதை மட்டும் பார்த்தால் போதாது. ஏன் என்று என் ஊரை வைத்தே சொல்கிறேன்.

நான் பால்டிமோரில் அரசுப் பள்ளி ஒன்றில் கணிதம் கற்பிக்கிறேன். எந்தத் தெருவில் எந்த இனத்தார் குடியிருக்கலாம் என்று நாட்டிலேயே முதன்முதலில் சட்டம் போட்ட நகரம் இது, 1910இல். 1917இல் உச்ச நீதிமன்றம் அத்தகைய சட்டங்களை அடித்துவிட்டது. 1930களில் கூட்டரசு நிறுவனமே வரைபடத்தை விரித்துக் கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளுக்குச் சிவப்புப் பூசியது. சிவப்பு என்றால் அடமானக் கடன் கிடைக்காது. கடன் இல்லாததால் சொந்த வீடு வாங்க முடியவில்லை. வீடு இல்லாததால் பிள்ளைக்கு எழுதிவைக்க ஒன்றும் இல்லை. பள்ளிகளுக்கான பணத்தில் கணிசமான பங்கு உள்ளூர்ச் சொத்து வரியிலிருந்து வருகிறது. வீடுகளுக்கு விலையில்லாத பகுதியில் பள்ளி எப்படி இருக்கும்? என் வகுப்பறைக்கு வந்து பாருங்கள்.

இந்தக் கணக்கு சம்பளச் சீட்டில் தெரியாது. மத்திய வங்கியின் 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், சொத்து வரிசையில் நடுவில் நிற்கும் வெள்ளைக் குடும்பத்தின் நிகரச் சொத்து ஏறக்குறைய 2,85,000 டாலர். கறுப்பினக் குடும்பத்துக்கு 45,000 டாலருக்குள். ஒரே வருமானம் உள்ள இரண்டு வீடுகளில்கூட, ஒன்றில் தாத்தா விட்டுப்போன வீடு இருக்கும், மற்றதில் இருக்காது. வருமானத்தை மட்டும் பார்க்கிற சல்லடையில் இது விழாது.

இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் இரண்டு பெட்டிகளை விமானத்தில் ஏற்றியது யார்? 1923இல் பகத் சிங் திண்ட் வழக்கில், இந்தியர் வெள்ளையர் அல்லர், குடியுரிமை பெற முடியாது என்று இதே உச்ச நீதிமன்றம் சொன்னது. 1946க்குப் பிறகும் ஆண்டுக்கு 100 இந்தியர்தான் குடியேற முடிந்தது. 1965இல் அந்தக் கதவு திறந்தது, சம உரிமை கேட்டுத் தெருவில் கறுப்பினத்தவர் அடிபட்டு உண்டாக்கிய காற்றில்.

கடலூரான்:
அந்தக் கடனை நான் மறுக்கவில்லை. அதை அடைக்கும் பொறுப்பைப் பதினேழு வயதுப் பையன் தலையில் வைப்பதைத்தான் மறுக்கிறேன். கலிஃபோர்னியா 1996லேயே வாக்கெடுப்பு நடத்தி அரசுப் பல்கலைக்கழகங்களில் இன முன்னுரிமையை நீக்கியது. வானம் இடிந்து விழவில்லை. 2020இல் அதைத் திரும்பக் கொண்டுவரலாமா என்று கேட்டபோது அவ்வளவு தாராளவாத மாநிலமே வேண்டாம் என்றது.

மாடவிளக்கு:
வானம் விழவில்லைதான், முட்டுக் கொடுக்கப் பணம் செலவானது. இனம் பாராத வழிகளுக்கென்று ஐம்பது கோடி டாலருக்கு மேல் செலவழித்தும் மாநிலத்தின் முகம் வகுப்பறையில் தெரியவில்லை என்று கலிஃபோர்னியப் பல்கலைக்கழகமே உச்ச நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்தது.

சட்டக்கிறுக்கன்:
தீர்ப்புக்குப் பின் வந்த முதல் ஆண்டு எண்களைப் போட்டுவிடுகிறேன், பிறகு அடித்துக்கொள்ளுங்கள். எம்ஐடியில் கறுப்பின மாணவர் 13 சதவீதத்திலிருந்து 5க்கு இறங்கினார்கள், ஆசியர் 41லிருந்து 47க்கு ஏறினார்கள். ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் கறுப்பினத்தவர் 11லிருந்து 3. ஹார்வர்டில் 18லிருந்து 14, ஆசியர் அதே 37. யேலில் கறுப்பினத்தவர் அதே 14, ஆசியர் 30லிருந்து 24க்குக் குறைந்துவிட்டார்கள். இனத்தைக் குறிப்பிடாமல் விட்டவர்கள் கூடியதால் இந்த எண்களை ஓரளவுக்குத்தான் நம்பலாம்.

பால்டிமோர்வாசி:
யேலைப் பார்த்தீர்களா அண்ணா? வழக்கில் வென்றும் அங்கே ஆசியர் எண்ணிக்கை குறைந்தது. எம்ஐடியில் ஏறியது. அங்கே பழைய மாணவர் சலுகை என்ற பேச்சே இல்லை. இதை வைத்து அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் எனக்கு உறுத்துகிறது. எங்கள் ஊர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் அந்தச் சலுகையைக் கைவிட்டது. 2009இல் நூற்றுக்கு 12.5ஆக இருந்த பழைய மாணவர் பிள்ளைகள் 2019இல் 3.5 ஆனார்கள். ஒரு நீதிமன்றமும் கட்டளையிடவில்லை. மேரிலாந்து மாநிலம் 2024இல் சட்டமே போட்டு அதைத் தடுத்தது. ஹார்வர்டு மீது வழக்குத் தொடுக்க, அதற்குப் பின்னால் நின்ற செயல்பாட்டாளர் எட்வர்ட் புளூம் திரட்டிய சக்தியில் பாதி இதற்குச் செலவாகியிருந்தால் உங்கள் மூத்தவனுக்கு இடம் கிடைத்திருக்கலாம்.

கடலூரான்:
அந்தச் சலுகையை ஒழிக்க மனு எழுதினால் என் கையெழுத்து முதலில் இருக்கும். அதில் நமக்குள் சண்டை இல்லை. இனப் பெட்டி விஷயத்தில் நான் மாறவில்லை, மாறப்போவதும் இல்லை.

ஒன்று மட்டும் உங்களிடம் கேட்க வேண்டும். தன் வாழ்க்கையை இனம் எப்படிப் பாதித்தது என்று மாணவர் கட்டுரையில் எழுதினால் அதைப் படிக்கலாம் என்று ராபர்ட்ஸ் தீர்ப்பின் கடைசியில் விட்டுவைத்தாரே. என் மகள் இப்போது அந்தக் கட்டுரையைத்தான் எழுதுகிறாள். பெயரை யாரும் ஒழுங்காக உச்சரிக்காததைப் பற்றி முதல் வரைவு. சேர்க்கை ஆலோசகர் படித்துவிட்டு, ‘ஆசியப் பிள்ளை என்று வெளியே தெரியாமல் எழுதினால் நல்லது’ என்றார். அதற்கு மணிக்கு 300 டாலர் வேறு. நீங்கள் ஆசிரியர். அவள் என்ன எழுத வேண்டும், சொல்லுங்கள்.

பால்டிமோர்வாசி:
அந்த முதல் வரைவை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். காசு வேண்டாம்.