டைரக்ட் டு அமுக்கினால் பிளான் அழியுமா?

இடதுஇருக்கை:
பக்கத்து இழையில் ராத்திரிப்பறவை என்பவர் கம்ப்யூட்டர் சிமுலேட்டரில் விமானம் ஓட்டும் புதியவர்களுக்கு ஓர் உபதேசம் செய்திருக்கிறார். "ஜிஎன்எஸ் 430 என்ற ஜிபிஎஸ் பெட்டியை வைத்துப் பறக்கும்போது டைரக்ட் டு பட்டனைத் தொடாதீர்கள், போட்ட பயணப் பிளான் மொத்தமும் அழிந்துவிடும்." படித்ததும் காபி புரையேறிவிட்டது. டைரக்ட் என்பது 'இங்கிருந்து அந்த இடத்துக்கு நேராகப் போ' என்று சொல்லும் பட்டன், பிளான் அழியாது. சியாட்டில், ஒலிம்பியா, பேட்டில் கிரவுண்ட், போர்ட்லாந்து என்று நாலு வேபாயிண்ட், அதாவது வழியில் தொட வேண்டிய புள்ளிகள், போட்டிருக்கிறீர்கள். ஏறும்போதே ஏடிசி (விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு) பேட்டில் கிரவுண்டுக்கு நேராகப் போகச் சொல்கிறது. பெட்டியில் பிளானைக் காட்டும் எஃப்பிஎல் பக்கத்தைத் திறந்து, கர்சரை பேட்டில் கிரவுண்ட் மேல் வைத்து, டைரக்ட், அப்புறம் என்டர் ரெண்டு தடவை. விமானம் அப்போது இருக்கிற இடத்திலிருந்து, போக வேண்டிய வழியைக் காட்டும் மெஜந்தா கோடு விழும். ஒலிம்பியா பட்டியலில் அப்படியே இருக்கும், அதற்குப் போகாது, அவ்வளவுதான். பேட்டில் கிரவுண்ட் தாண்டியதும் தானாகவே போர்ட்லாந்துக்கு மாறும். எங்கே அழிந்தது?

ராத்திரிப்பறவை:
என்னைத் திட்டவே தனி இழை திறந்ததற்கு நன்றி. நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு டைரக்ட் அமுக்கி, பக்கத்து விமான நிலையத்தின் குறியீட்டைத் தட்டினேன். ஒரே கோடு. மற்ற புள்ளி ஒன்றுகூட மேப்பில் இல்லை. கண்ணால் கண்டதைச் சொன்னால் உபதேசமா?

வால்காற்று:
எந்த சிமுலேட்டர்?

இடதுஇருக்கை:
மேப்பில் இல்லையென்றால் அழிந்துவிட்டதா? பிளானில் இல்லாத இடத்துக்கு டைரக்ட் கொடுத்தால் பிளான் ஓரமாக ஒதுங்கி நிற்கும். திரும்ப டைரக்ட், மெனு, அதில் 'கேன்சல் டைரக்ட் டு நேவ்', என்டர். முழுசாக வந்து உட்காரும். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடெல்லாம் தேடின தாத்தா மாதிரி இருக்கிறது உங்கள் கதை.

ஓடுபாதை27:
ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்கள். புதியவர்கள் குழம்புவது டைரக்டுக்கும் ஆக்டிவேட் லெக்குக்கும் நடுவில்தான். டைரக்ட் நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து கோடு போடும். ஆக்டிவேட் லெக் முந்தின புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் இடையில் ஏற்கெனவே இருக்கிற கோட்டைப் பிடிக்கச் சொல்லும். இன்னொன்று, ஒலிம்பியாவில் இடது பக்கம் ஏறக்குறைய 50 டிகிரி திரும்ப வேண்டும். பெட்டி அந்தப் புள்ளிக்கு முன்னாலேயே திரும்பச் சொல்லும், நேர் மேலே போய்த் திரும்பாது. அதைப் பார்த்துவிட்டு 'புள்ளியைத் தவறவிட்டுவிட்டது' என்று...

இடதுஇருக்கை:
அதை யார் கேட்டார்கள்? கேள்வி ஒன்றுதான். அழியுமா, அழியாதா.

ராத்திரிப்பறவை:
சரி, நான்தான் தாத்தா. 1995 டிசம்பர் 20, கொலம்பியாவில் காலி நகரத்துக்குப் போன அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 965. போயிங் 757. காலிக்கு டைரக்ட் என்று கம்ப்யூட்டரில் கொடுத்ததும் நடுவில் இருந்த புள்ளிகள் திரையிலிருந்து போய்விட்டன, துலுவா என்ற புள்ளி உட்பட. விமானிகள் துலுவாவைத் தேடிக்கொண்டிருந்தார்கள். மலையில் மோதி 159 பேர் செத்தார்கள். அவர்களும் கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டா தேடினார்கள்?

இடதுஇருக்கை:
செத்தவர்களை வைத்து விவாதத்தில் ஜெயிக்கப் பார்க்காதீர்கள். அது 757-இன் எஃப்எம்எஸ், அதன் வழிகாட்டும் கம்ப்யூட்டர். வேறு பெட்டி, வேறு பழக்கம். அங்கே டைரக்ட் கொடுத்தால் நடுவில் இருப்பவை போகும். அதோடு, ரோஸோ என்ற ரேடியோ பீக்கனுக்காக 'ஆர்' என்று ஓர் எழுத்தை மட்டும் தட்டினார்கள். கம்ப்யூட்டர் எடுத்தது போகோட்டா பக்கம் இருந்த ரோமியோ என்ற இன்னொரு பீக்கனை. விமானம் கிழக்கே திரும்பியது அதனால்தான். பாதிக் கதையைச் சொல்லிவிட்டுப் போகாதீர்கள்.

ராத்திரிப்பறவை:
"போகும்." நீங்களே எழுதிவிட்டீர்கள். எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இடதுஇருக்கை:
757-இல்! நான் பேசுவது 430. 430-இல் அழியாது, அழியாது, அழியாது.

வால்காற்று:
ரெண்டாவது தடவை கேட்கிறேன், எந்த சிமுலேட்டர்? எஃப்எஸ்எக்ஸ் என்ற சிமுலேட்டரோடு வந்த ஜிபிஎஸ் என்றால் பேச்சே வேறு. 2006-இல் வந்தது, அந்தப் பெட்டிக்குள் பிளானைத் திருத்தவே முடியாது, வெளியே பிளானரில் போட்டுத்தான் ஏற்ற வேண்டும். எக்ஸ்-பிளேன் 11-இல் இருக்கும் 430-இல் உள்ளேயே புள்ளியைச் சேர்க்கலாம், நீக்கலாம். எதைப் பற்றிச் சண்டை போடுகிறோம் என்றாவது தெரிய வேண்டாமா?

ராத்திரிப்பறவை:
எந்த சிமுலேட்டராக இருந்தால் உங்களுக்கென்ன? பட்டனின் பெயர் ஒன்றுதானே.

கார்முகில்:
வேபாயிண்ட், வேபாயிண்ட் என்று எழுதுகிறீர்களே, வழிப்புள்ளி என்றால் வாய் சுளுக்கிவிடுமா?

இடதுஇருக்கை:
வந்துட்டாரய்யா. பெட்டியில் வேபாயிண்ட் என்றுதான் இருக்கிறது. பட்டனைத் தேடுகிறவன் உங்கள் வழிப்புள்ளியை வைத்துக்கொண்டு என்ன செய்வான்?
ராத்திரிப்பறவைக்கு ஒன்று. போன வருஷம் 'ஆட்டோபைலட் கெட்டுப்போச்சு, ஜிபிஎஸ் பாதையில் போகவே மாட்டேன் என்கிறது' என்று பத்துப் பக்கம் ஒப்பாரி வைத்தது யார்? கடைசியில் பார்த்தால், எதைப் பின்பற்றுவது என்று மாற்றும் சிடிஐ பட்டன் ஜிபிஎஸ்ஸில் இல்லாமல் விஎல்ஓசி-யில், அதாவது தரை ரேடியோவில், இருந்தது. விமானம் பாவம், நீங்கள் சொன்ன விஓஆர் என்ற தரை ரேடியோ நிலையத்தைத்தான் தேடிப் போய்க்கொண்டிருந்தது. அன்றைக்கும் "கண்ணால் கண்டேன்" என்றுதான் சொன்னீர்கள்.

ராத்திரிப்பறவை:
அந்தப் பழசை விடவே மாட்டீர்களா? இடதுஇருக்கை என்று கேப்டன் உட்காரும் இடத்தின் பெயரை வைத்துக்கொண்டால் கேப்டன் ஆகிவிட முடியாது. உங்கள் இடது இருக்கை பிளாஸ்டிக் நாற்காலி என்று எல்லோருக்கும் தெரியும்.

இடதுஇருக்கை:
பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாலும் மெனு பட்டன் எங்கே என்று எனக்குத் தெரியும். இன்று ராத்திரி டைரக்ட் அமுக்கி, மெனு அமுக்கி, படம் எடுத்துப் போடுங்கள். ஒரு நிமிஷ வேலை.

ராத்திரிப்பறவை:
போட மாட்டேன். உங்களுக்கு நிரூபிக்க வேண்டிய அவசியம் எனக்கில்லை.

ஓடுபாதை27:
இதற்கு நடுவில் ஒரு சந்தேகம். பெட்டியில் ஓபிஎஸ் பட்டனை அமுக்கினால் அடுத்த புள்ளிக்குத் தானாக மாறாமல் அதே புள்ளியில் நிற்கிறதே, அப்போது டைரக்ட் கொடுத்தால்...

இடதுஇருக்கை:
ஓபிஎஸ்ஸுக்குத் தனி இழை திறங்கள் தம்பி. இங்கே பேச்சு, அழியுமா அழியாதா.