மறு: 'லாபியிங்' தமிழில்: தரகு, அழுத்தம், எடுத்துரைப்பு

நண்பர்களுக்கு வணக்கம். அரசின் கொள்கை முடிவுகளில் தம் கருத்து எடுபட முயல்வதைக் குறிக்கும் 'லாபியிங்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் கேட்டிருந்தேன். வந்த பதில்களில் ஒன்று:

> 'கொள்கைத் தரகு' போதும். யார் செய்தாலும் வேலை ஒன்றுதானே?

வேலை ஒன்றாக இருந்தால் இந்த மடலுக்கே தேவை இருந்திருக்காது. நான் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கும் கட்டுரை பிரிட்டனின் பட்டய வீட்டுவசதிக் கழகத்தைப் பற்றியது. (பட்டயக் கணக்காளர் நமக்குப் பழகிய சொல். 1984இல் அரசப் பட்டயம் பெற்ற இந்த அமைப்புக்கும் அதே சொல் பொருந்தும்.) வீட்டுவசதித் துறையில் பணிபுரிபவர்கள்தான் இதன் உறுப்பினர்கள். பதிவுபெற்ற அறக்கட்டளை என்பதால் எந்தக் கட்சிக்கும் ஆதரவு திரட்ட முடியாது. தரகர் என்றால் இரு பக்கமும் கூலி வாங்குபவர் என்றே நம் வாசகர் நினைப்பார்.

அப்படியானால் அரசு ஏன் இவர்களுக்குக் காது கொடுக்கிறது? 1865இல் லண்டன் மேரில்போனில் ஏழைகள் குடியிருந்த சில வீடுகளை சமூகச் சீர்திருத்தவாதி ஆக்டேவியா ஹில் பொறுப்பேற்று நடத்தத் தொடங்கினார். அவரும் அவர் பழக்கிய பெண்களும் வாரந்தோறும் வாடகை வாங்க நேரில் போனார்கள். வாசலில் நின்று காசை எண்ணி வாங்கும்போதே எந்தக் கூரை ஒழுகுகிறது, யாருக்கு வேலை போய்விட்டது என்பதெல்லாம் தெரிந்துவிடும். அந்த மரபில் வந்த பெண்கள் 1916இல் ஒரு சங்கம் அமைத்தார்கள். இன்றைய கழகத்தின் வேர் அதுதான். படியேறிப் போய்ச் சேர்த்த அந்த அறிவு நம் சொல்லில் தெரிய வேண்டும் என்பது என் ஆசை.

'அழுத்தம் கொடுத்தல்' நல்ல சொல்தான், ஆனால் அதற்கு உரியவர்கள் வேறு. 2017 ஜூனில் லண்டனின் கிரென்ஃபெல் கோபுரம் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் பற்றிய தீயில் 72 பேர் மாண்டார்கள். வீடுகளை நிர்வகிப்பவர்களுக்குத் தொழில்தகுதி கட்டாயம் வேண்டும் என்று உயிர்தப்பியவர்களும் உறவுகளை இழந்தவர்களும் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். 2020 டிசம்பரில் இங்கிலாந்தின் ராச்டேலில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை, வீட்டில் படர்ந்த பூஞ்சணத்தால் மூச்சு கெட்டு இறந்தது. அதன் தந்தை அதற்கு முன்பே அதுபற்றி முறையிட்டிருந்தார். 2023இல் வந்த சமூக வீட்டுவசதி (குறைந்த வாடகைக்கு விடப்படும் வீடுகள்) ஒழுங்குமுறைச் சட்டம், மூத்த நிர்வாகிகள் உரிய தகுதி பெற வழிசெய்தது. சுவரில் மோதி அதைத் திறக்கவைத்தவர்கள் இந்த மக்கள். கழகமோ, ஒரு வீட்டுவசதிப் பணியாளருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும், குடியிருப்பவரை அவர் எப்படி நடத்த வேண்டும் என்று தான் வகுத்த தொழில்நெறிகளை மேசையில் வைத்தது. இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் அந்தத் தந்தை பட்ட பாடு மறைந்துபோகும். அதற்கு என் மனம் ஒப்பவில்லை.

'ஆற்றுப்படுத்தல்' எனக்கு மிகவும் பிடித்திருந்தது: நடந்து வந்தவர் வழி சொல்வது. ஆனால் உளவியலார் அதைக் 'கவுன்சலிங்'குக்கு முன்பே எடுத்துக்கொண்டார்கள். 'இடித்துரைத்தல்', அமைச்சர் அரசனுக்குச் சொல்வது. 2013இல் வந்த 'படுக்கையறை வரி'யை (சமூக வீடுகளில் கூடுதல் படுக்கையறை இருந்தால் வாடகைக்கான அரசு உதவித்தொகையைக் குறைப்பது) கழகம் கண்டித்ததற்குக் கச்சிதமாகப் பொருந்தும். மற்ற நாள்களில் அரசின் கலந்தாய்வு ஆவணத்துக்குப் பத்தி பத்தியாகப் பதில் எழுதும் வேலைக்கு அது காரம் கூடிய சொல்.

ஆகவே என் முன்மொழிவு 'கொள்கை எடுத்துரைப்பு'. வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்:

'நாடாளுமன்றக் குழுவிடம் கழகம் எடுத்துரைத்தது.'
'கழகத்தின் எடுத்துரைப்பை அரசு ஓரளவு ஏற்றது.'

எடுத்துரைப்பில் விளைவு இல்லையே என்று கேட்பீர்கள். விளைவுக்குச் 'செல்வாக்கு' கையிலேயே இருக்கிறது. செல்கின்ற வாக்கு, அதாவது எடுபடுகிற பேச்சு. எடுத்துரைப்பது கழகத்தின் வேலை. அது செல்லுமா என்பது அரசின் கையில். கட்டுரை முழுவதும் இந்த இரண்டையும் பிரித்தே ஆள நினைக்கிறேன்.

'எடுத்துரைப்பாளர்' மட்டும் நாக்கில் சற்று இடறுகிறது. வெள்ளிக்கிழமை கட்டுரையை அனுப்ப வேண்டும். அதற்குள் இதைவிடச் சுருக்கமான சொல் தோன்றினால் எழுதுங்கள்.