பர்ன் அவுட்டுக்கு ‘பணித்தேய்வு’ பொருந்துமா?

நண்பர்களுக்கு வணக்கம். செவிலியர் பற்றிய கட்டுரையில் வரும் பர்ன் அவுட் (burnout), அதாவது வேலை அழுத்தத்தால் நாளடைவில் வற்றிப்போகும் நிலைக்கு, ‘பணித்தேய்வு’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். எழக்கூடிய கேள்விகளுக்கு என் பதில் இது.

> செவிலியர் பற்றிய கட்டுரைதானே, ‘மனச்சோர்வு’ என்றே போட்டுவிடலாமே?

போட்டால் குழப்பம்தான். டிப்ரஷனுக்கு அந்தச் சொல் ஏற்கெனவே நிலைத்துவிட்டது. அதைவிடப் பெரிய சிக்கல், அது பழியைச் செவிலியரின் மனத்தின் மேல் போடுகிறது. 2019இல் உலக சுகாதார அவை ஏற்ற ஐசிடி-11 என்ற பன்னாட்டு நோய் வகைப்பாட்டில் பர்ன் அவுட் நோயாகவே இல்லை. சரிவரக் கையாளாத நாள்பட்ட பணியிட அழுத்தத்தால் வருவது என்றுதான் இருக்கிறது. ஆகவே சொல்லில் ‘பணி’ இருந்தாக வேண்டும்.

பர்ன் அவுட்டில் உள்ள ‘எரிவதை’ அப்படியே எடுக்கும் ‘எரிசோர்வு’ம் எனக்கு ஒட்டவில்லை. செவிலியர் ஒரே நாளில் எரிந்துபோவதில்லை. நைட் ஷிப்ட் முடியும் நேரத்தில், மாற்று ஆள் வரவில்லை என்று இன்னொரு ஷிப்ட். ஒருவருக்கு டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டிருக்கும்போதே பக்கத்துக் கட்டிலிலிருந்து அழைப்பு மணி. கொடுத்த மருந்தையெல்லாம் பதிவேட்டில் எழுத வேறு வேண்டும். டூட்டி ரோஸ்டர் போடும்போது அவரை யாரும் கேட்பதில்லை. ‘உழைத்து ஓடாய்த் தேய்ந்தார்’ என்கிறோமே, அங்கிருந்துதான் ‘பணித்தேய்வு’ எடுத்தேன். தேய்வு என்றால் தேய்ப்பது எது என்ற கேள்வியும் கூடவே வரும். அமெரிக்காவின் பென்சில்வேனியா மருத்துவமனைகளை ஆராய்ந்து, செவிலியர் பணி ஆய்வாளர் லிண்டா எய்க்கன் குழு 2002இல் வெளியிட்ட முடிவு இதற்குப் பொருத்தம்: ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால், பர்ன் அவுட்டுக்கான வாய்ப்பு விகிதம் 23 சதவீதம் கூடுகிறது.

> வெறும் களைப்புக்கும் ‘தேய்வு’ பொருந்துமே?

நியாயமான கேள்வி. பர்ன் அவுட்டை அளக்கும் மாஸ்லாக் அளவுகோல் 3 கூறுகளைப் பார்க்கிறது: உணர்ச்சி வற்றிப்போவது, நோயாளியை ஆளாகவே பார்க்காமல் போவது, செய்த வேலையில் நிறைவு குறைவது. களைப்பு முதலாவதோடு நின்றுவிடும், நல்ல ஓய்வு கிடைத்தால் தீர்ந்தும்விடும். இரண்டாவதுதான் ஆபத்து. (நோயாளியைக் கட்டில் எண்ணால் சொல்வது வார்டு வழக்கம்தான், அதைச் சொல்லவில்லை. ‘வலிக்குது சிஸ்டர்’ என்று கேட்டும் நிமிர்ந்து பார்க்காமல் நகர்ந்துவிடுவது வேறு.) அதற்கு ‘ஆள்மறப்பு’ என்று முன்வைக்கிறேன். ‘ஆளுமைச் சிதைவு’ என்று எழுதினால் செவிலியருக்கே மனநோய் என்று தோன்றும். மூன்றாவதற்கு ‘நிறைவின்மை’ போதும்.

அப்புறம், பெயரடையாக ‘பணித்தேய்ந்த செவிலியர்’ காதில் இடிக்கிறது. இப்போதைக்கு ‘பணியால் தேய்ந்த’ என்று பிரித்தே எழுதலாம் என்று நினைக்கிறேன். இதைவிட நல்ல வடிவம் தோன்றினால் சொல்லுங்கள்.