தொடர்பாடல் பொறியியல் முதுமாணி: மனதை விட்டுப் போகாத ஒரு சந்திப்பைச் சொல்லுங்கள்

ஜம்பட்டா வீதி:

பகலில் வேலை, சனி ஞாயிறு வகுப்பு, ஆய்வுக்கு மின்காந்தப் புல அளவீடு. இங்கே பலருக்கும் இது தெரிந்த வாழ்க்கைதான், அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். கொட்டாஞ்சேனையில் ஒரு மொட்டைமாடியில் கருவியோடு நின்றுகொண்டிருந்தேன். பக்கத்துக் கட்டடத்தின் உச்சியில் மூன்று திசைக்கும் அன்டெனா. வீட்டுக்கார அம்மா பேத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு மேலே வந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அங்கே குடியிருப்பவர்.

"தம்பி, இந்தக் கோபுரத்தால பிள்ளைக்கு ஏதும் வருமே?"

எனக்குத் தெரிந்ததைப் பொறுமையாகச் சொன்னேன். 900 மெகாஹேர்ட்ஸில் பொதுமக்களுக்கான சர்வதேச வரம்பு சதுர மீட்டருக்கு 4.5 வாட்ஸ், இங்கே இருப்பது அதில் மிகச் சிறிய பங்கு, எக்ஸ்ரே போல உயிரணுவை உடைக்கும் கதிர் இது இல்லை என்றெல்லாம் விளக்கினேன். முழுவதையும் கேட்டார். பிறகு கேட்டார்: "அந்தக் கணக்கைப் போட்டவை இஞ்ச வந்து பாத்தவையே?"

இல்லை என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். ஆய்வறிக்கை ஏற்கப்பட்டது, பட்டமும் கிடைத்தது. அந்த மாடியின் பெறுமானம் அட்டவணையில் ஒரு வரியாக இருக்கிறது. அவருடைய கேள்வி மட்டும் அறிக்கையில் எங்கேயும் இல்லை. நீங்கள் என்றால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

எதிரொலி:

வரம்பைச் சொன்னதே தேவையில்லை என்று நினைக்கிறேன். அவருடைய போனைக் காட்டியிருக்க வேண்டும். எல்டிஈ (4ஜி) போன் அதிகபட்சம் 0.2 வாட்ஸ்தான் அனுப்பும், ஆனால் அது காதோடு ஒட்டியிருக்கிறது. கோபுரத்து அன்டெனா பல மடங்கு கூட அனுப்பினாலும், தூரம் இரட்டித்தால் வலு நாலில் ஒன்றாகிவிடும். அதோடு அந்தக் கற்றை ஏறக்குறைய கிடையாக வெளியே போகிறது, நேர் கீழே நிற்பவருக்கு வருவது சொற்பம். கோபுரத்தைக் கழற்றினால் என்ன நடக்கும்? அந்த வட்டாரத்துப் போன்கள் எல்லாம் தூரத்துக் கோபுரத்தை எட்டுவதற்காகக் கூடிய வலுவில் அனுப்பும். பேத்தியின் காதுக்கு அதுதான் கூடுதல். இதை அந்த அம்மாவுக்கு இரண்டு நிமிடத்தில் விளங்கப்படுத்தலாம்.

என்னுடையது வைவாவில், அதாவது ஆய்வின் வாய்மொழிப் பரீட்சையில் நடந்தது. ஓஎஃப்டிஎம், அதாவது தரவைப் பல மெல்லிய அலைவரிசைகளில் பிரித்து ஒரே நேரத்தில் அனுப்பும் முறை பற்றிய ஆய்வு. அனுப்பும் தரவின் ஒவ்வொரு துண்டுக்கும், அதாவது குறியீட்டுக்கும் முன்னால், எதிரொலி கலக்காமல் இருக்க ஒரு காப்பு இடைவெளி விடுவோம் அல்லவா, எல்டிஈயில் 4.7 மைக்ரோசெக்கன். வெளியிலிருந்து வந்த பரீட்சகர் அதுவரை ஒன்றும் கேட்கவில்லை. திடீரென்று எழுந்து ஜன்னல் திரையை விலக்கினார். தூரத்தில் தாமரைக் கோபுரம்.

"அந்த 4.7 மைக்ரோசெக்கனை இங்கிருந்து நடந்து காட்டுங்கள்" என்றார்.

ஒளியின் வேகத்தால் பெருக்கினால் 1.4 கிலோமீட்டர். நேர் பாதையைவிட அவ்வளவு தூரம் சுற்றி வரும் எதிரொலி வரைக்கும் அந்த இடைவெளி தாங்கும். அதற்குப் பின்னால் வருவது அடுத்த குறியீட்டில் ஏறிவிடும். சரி, கோட்டையின் இரட்டைக் கோபுரத்தில் பட்டு, பேரை வாவியைத் தாண்டி வருவது எவ்வளவு பிந்தும்? அதன் வலு என்ன, பொருட்படுத்த வேண்டுமா? ஜன்னலோரம் நின்று இருவரும் கட்டடம் கட்டடமாகக் கணக்குப் போட்டோம். மற்றப் பரீட்சகர்கள் நேரமாகிறது என்று சொல்லும்வரை அவர் நிறுத்தவில்லை. இன்றைக்கும் 101 பஸ்ஸில் காலி வீதியில் போகும்போது என் கண் கட்டடங்களின் முகப்பைத்தான் பார்க்கிறது.

வத்தளை மழை:

எதிரொலி அண்ணா, அந்த அம்மாவின் கேள்வி வாட்ஸ் பற்றியது இல்லை. யார் வந்து பார்த்தார்கள் என்று கேட்டார். அதற்கு நீங்களும் பதில் சொல்லவில்லை.

2022 மார்ச் கடைசி. 13 மணிநேர மின்வெட்டு. அடுத்த நாள் இணையவழிப் பரீட்சை, அன்றிரவு மீட்டல் வகுப்பு. முதல் ஒன்றிரண்டு மணிநேரம் போன் சிக்னல் இருந்தது. பிறகு எல்லோருடைய ரவுட்டரும் நின்று, தெருவே போன் டேட்டாவுக்கு மாறியதும் வேகம் செத்துவிட்டது. அதற்கப்புறம் கோபுரத்துப் பற்றரியும் தீர்ந்து சிக்னலே போய்விட்டது. ஜெனரேட்டருக்கு டீசல் எங்கே? குழந்தை வியர்த்து அழுகிறது, நான் வாசலில் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

பக்கத்து வீட்டு மாமா சிங்களவர், தொலைபேசித் துறையில் தொழில்நுட்பவியலாளராக இருந்து ஓய்வுபெற்றவர். மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, அவருக்குத் தெரிந்த தமிழில், "மகள், ஃபைபருக்குக் கரண்ட் தேவையில்லை" என்றார்.

அந்த வாரம்தான் ஜீபொன் என்ற ஃபைபர் இணைய முறையைப் படித்திருந்தேன். நடுவில் மின்சாரம் தேவைப்படும் கருவி எதுவும் கிடையாது, பிரிப்பான் வெறும் கண்ணாடி, ஒரே இழையை 32 அல்லது 64 வீட்டுக்குப் பிரிக்கும், 20 கிலோமீட்டர் போகும். எல்லாம் குறிப்பில் இருந்தது. மாமா காரிலிருந்து பற்றரியைக் கழற்றி மதிலுக்கு மேலால் தந்தார். வீட்டு ஃபைபர் பெட்டிக்குத் தேவை 12 வோல்ட். எங்கள் பகுதித் தொலைபேசி நிலையத்தில் மின்பிறப்பாக்கி ஓடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். பச்சை விளக்கு ஒவ்வொன்றாக வந்தது. தெருவே இருட்டு, என் லப்டொப்பில் விரிவுரையாளரின் முகம்.

பெட்ரோல் வரிசையில் நாள்கணக்கில் நின்றுகொண்டிருந்த மனிதர், அடுத்த நாள் காரை ஸ்டார்ட் செய்ய வேண்டியவர், ஒரு வார்த்தை யோசிக்காமல் பற்றரியைத் தந்தார். இரண்டு வருடம் படித்ததில் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தக் கைதான்.

இரத்மலானைக்காரன்:

என் கதை சிறியது. விமானங்கள் 1090 மெகாஹேர்ட்ஸில் தங்கள் இடத்தையும் உயரத்தையும் தாங்களே சொல்லிக்கொண்டு போகும். அதை வாங்கிப் படிப்பதுதான் என் பாடத்திட்ட வேலை. கணினியில் செருகி வானொலி அலையை வாங்கும் மலிவான டொங்கிள், கால் அலைநீளத்துக்கு ஏழு சென்றிமீட்டர் கம்பி, குனூ ரேடியோ மென்பொருள். பல்கனியில் கம்பியைக் கண்டு யாரோ சொல்ல, ஒரு கான்ஸ்டபிள் வந்தார். திரையைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தன் மகன் அன்றிரவு கட்டாரில் வேலைக்குப் போவதாகச் சொன்னார், அந்த விமானம் தெரியுமா என்று கேட்டார். தெரிந்தது. கடலுக்கு மேல் போய்ப் புள்ளி மறையும்வரை தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

இனி, இங்கே புதிதாகச் சேர நினைப்பவர்களுக்குச் சில விஷயம். வானொலி அலை அனுப்பும் எதையும் அனுமதிப்பத்திரம் இல்லாமல் இயக்காதீர்கள், 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டம் இருக்கிறது. வாங்குவது மட்டும்தான் என்றாலும் துறைத் தலைவரிடம் ஒரு கடிதம் எடுத்து வையுங்கள், பல்கனியில் ஏறும்போது அதுவும் கையில் இருக்கட்டும். சேருவதற்கு முன்னால் பாடநெறி இலங்கைத் தகைமைக் கட்டமைப்பில் எந்த மட்டம் என்று கேளுங்கள். 9 என்றால் 30 திறமைப்புள்ளி, பாடம் மட்டும். 10 என்றால் 60, ஆய்வும் சேர்ந்தது. பின்னால் கலாநிதிப் பட்டத்துக்குப் போக நினைத்தால் இந்த வித்தியாசம் பெரிது. இதைக் கேட்காமல் பணம் கட்டியவர்கள் பலரைத் தெரியும். நேரடி அளவீடு உள்ள தலைப்பாக எடுங்கள், ஆனால் அளவீட்டை முதல் அரையாண்டிலேயே தொடங்குங்கள், தென்மேல் பருவமழை வந்தால் மொட்டைமாடியில் நிற்க முடியாது. மெட்லாப் மென்பொருளில் கணினிப் பாவனையாக மட்டும் செய்த ஆய்வு கெட்டது என்று சொல்லவில்லை. ஆனால் இரைச்சலை நீங்களே கூட்டிவிட்டு நீங்களே கழிப்பதைப் பரீட்சகர் நிச்சயம் கேட்பார். நிகழ்தகவையும் நேரியல் இயற்கணிதத்தையும் சேருவதற்கு முன்பே மீட்டிவிடுங்கள், ஒரு தடத்தில் அதிகபட்சம் எவ்வளவு தரவு அனுப்பலாம் என்று 1948 இல் ஷனன் எழுதிய கொள்ளளவுச் சூத்திரம் ஒற்றை வரி, அதைத் தொட்டு வரும் பாடங்கள் முழு அரையாண்டு. வத்தளைத் தங்கச்சி, கார் பற்றரியை வீட்டுக்குள் வைக்கும்போது ஒரு ஃபியூஸ் போடுங்கள், மின்னேற்றும்போது அறைக்குள் வைக்காதீர்கள், ஐதரசன் வரும். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது 14 வோல்ட்டுக்கு மேல் போகும், எல்லா ரவுட்டரும் அதைத் தாங்காது.

வத்தளை மழை:

நன்றி அண்ணா. ஃபியூஸ் மாமாவே போட்டுத்தான் தந்தார்.

ஜம்பட்டா வீதி:

எதிரொலி, நீங்கள் சொன்னது எல்லாம் சரியான பௌதிகம். ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2011 இல் இந்தக் கதிர்வீச்சை 2பி வகுப்பில் போட்டது, அதாவது புற்றுநோயை உண்டாக்கக்கூடும், ஆனால் ஆதாரம் மட்டுப்பட்டது, முழுதாகத் தள்ளவும் முடியாது. அந்த அம்மாவின் மகன் இதைத் தேடிக் கண்டுபிடித்துக் கேட்டால் "போனைப் பாருங்கள்" என்பது பதிலாகாது. வத்தளை சொன்னதுதான் என்னைக் குடைகிறது. அந்த வீட்டுக்கு மீண்டும் போக நினைத்திருக்கிறேன். கருவியை முதலில் கோபுரத்துக்கும் பிறகு போனுக்கும் பிடித்து, இரண்டு எண்ணையும் அவரே பார்க்கட்டும் என்று ஒரு யோசனை.

முகத்துவாரம்:

ஜம்பட்டா, போனுக்குப் பக்கத்தில் அப்படிப் பிடிக்காதீர்கள். அங்கே இருப்பது அண்மைப் புலம், அன்டெனாவுக்கு மிக அருகில் அலை இன்னும் ஒழுங்காக உருவாகாத பகுதி. மின்புலத்தை அளந்து சதுர மீட்டருக்கு இத்தனை வாட்ஸ் என்று கருவி காட்டும் கணக்கு அங்கே பொருந்தாது. போனுக்கான வரம்பே வேறு, உடல் உறிஞ்சும் வலுவை வைத்தது, தலைக்குக் கிலோவுக்கு 2 வாட்ஸ், 10 கிராம் திசுவில் சராசரி எடுப்பார்கள். இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், விஷயம் தெரிந்த ஒருவர் கேட்கும் முதல் கேள்வியிலேயே நம்பிக்கை போய்விடும். கோபுரத்தை மட்டும் அளந்து காட்டுங்கள், மாடியிலும் பிள்ளை படுக்கும் அறையிலும்.

எனக்கும் இதே போல மட்டக்குளியில் ஒரு கூட்டம், தேவாலய மண்டபத்தில். வரைபடமெல்லாம் போட்டு முடித்ததும் ஒரு தகப்பன் எழுந்து, "மிஸ், அந்த நம்பரை ஒரு தாளில எழுதி உங்கட கையெழுத்தப் போட்டுத் தருவீங்களா?" என்றார். மண்டபம் முழுக்க என்னையே பார்த்தது. என் பெயரில், என் பொறுப்பில் ஓர் எண். சூத்திரத்தில் எழுதும்போது வராத பயம் அப்போது வந்தது. இடம், திகதி, நேரம், கருவியின் வகை, அளவீட்டில் கூடக்குறைய இருக்கக்கூடிய வீச்சு, எல்லாம் எழுதிக் கையெழுத்திட்டேன். பிறகு இன்னும் சிலர் தங்கள் வீட்டுக்கும் வேண்டும் என்று வரிசையில் நின்றார்கள். வீடு வீடாகப் போய் அளந்தேன். ஆய்வறிக்கையின் வடிவத்தில் அப்படிப்பட்ட தாளுக்கு இடமில்லை, மேற்பார்வையாளரிடம் கேட்டுப் பின்னிணைப்பில் சேர்த்தேன். நீங்கள் எழுதினால் கருவியின் அளவுத்திருத்தச் சான்றிதழ்த் திகதியையும் போடுங்கள், அது காலாவதியாகியிருந்தால் முதலில் அதைப் புதுப்பித்துவிட்டுப் போங்கள்.